கைதும் காப்பும்: வாழ்க்கைத்துணை வன்முறையும் குற்றவியல் நீதி அமைப்பின் பதிலும்

மணவாழ்வில் இருக்கும் அல்லது இருந்த துணையின் மீதோ, மணமின்றி இணைந்து வாழும் துணையின் மீதோ ஒருவர் செலுத்தும் உடல், பாலியல், மன, பொருளியல் வன்முறை அனைத்தையும் வாழ்க்கைத்துணை வன்முறை என்னும் தொடரால் ஆய்வாளர் குறிப்பர். பொதுவழக்கிலுள்ள குடும்ப வன்முறை என்னும் தொடர் இதனினும் விரிந்தது. மாமியார், நாத்தனார், தந்தை, உடன்பிறந்தார் என வீட்டிலுள்ள எவர் இழைக்கும் கொடுமையையும் அது தழுவி நிற்கும். இச்சொற்பொழிவு முன்னதை மையமாகக் கொண்டு, அவ்வன்முறை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேரும்போது அரசு என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதை ஆராய்கிறது. குற்றவியல் நீதி அமைப்பு என்பது இங்கே காவல்துறை, அரசு வழக்குரைஞர், குற்றவியல் நீதிமன்றம், சிறை ஆகியவை சேர்ந்த கூட்டைக் குறிக்கும்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இப்பொருள் குறித்து எழுந்த விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி வந்துள்ளது: கொடுமை செய்தவனைக் கைது செய்ய வேண்டுமா, கூடாதா? அமெரிக்க மாநிலங்கள் பல கைதைக் கட்டாயமாக்கின. இந்திய உச்ச நீதிமன்றம் கைதுக்குக் கடிவாளம் இட்டது. விடைகள் எதிரெதிரானவை ஆயினும் அவற்றின் பின்னுள்ள எண்ணம் ஒன்றே. கைது குற்றஞ்சாட்டப்பட்டவனின் விடுதலையைப் பற்றிய வினா. காப்பு புகார் கொடுத்தவளின் உயிரையும் வசிப்பிடத்தையும் பற்றிய வினா. முன்னதற்கு விடை கண்டதும் பின்னதற்கும் விடை கிடைத்துவிட்டதாக இரு நாட்டு அமைப்புகளும் கருதிவிட்டன என்பதும், இந்தியச் சட்டத்தில் இரண்டையும் இணைப்பதற்கான கருவிகள் ஏற்கெனவே உள்ளன என்பதும் இங்கே நிறுவ முயலும் கருத்துகளாகும்.

1. நிகழ்வும் நிலையும்

குற்றச் சட்டம் நிகழ்வுகளின் மொழியில் பேசுவது. முதல் தகவல் அறிக்கையின் படிவம் நாள், நேரம், இடம், செயல் ஆகியவற்றைக் கேட்கிறது. குற்றப்பத்திரிகை ஆயுதத்தையும் காயத்தையும் சாட்சியையும் கேட்கிறது. முன்பின் அறியாத ஒருவன் தெருவில் தாக்கினால் இந்தப் படிவம் போதுமானது. ஆனால் வாழ்க்கைத்துணை வன்முறையில் ஓர் இரவின் அடி நெடுங்காலமாக நிலவும் ஓர் ஏற்பாட்டின் வெளிப்பட்ட பகுதி மட்டுமே. மனைவியின் சம்பளம் வரும் ஏ.டி.எம். அட்டையைக் கணவன் வைத்துக்கொள்வதும், யாருடன் பேசினாள் என்று கைப்பேசியை அன்றாடம் சோதிப்பதும், பிறந்த வீட்டுக்குப் போவதற்கு அனுமதியும் திரும்புவதற்குக் கெடுவும் வைப்பதும், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வேன் என்று மிரட்டுவதும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எந்தக் குற்றப் பிரிவுக்குள்ளும் எளிதில் அடங்கா. ஒன்றுசேரும்போதோ ஒரு மனித உயிரின் ஒவ்வொரு நாளையும் மற்றொருவர் ஆளும் நிலையை அவை உண்டாக்குகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையையே அடக்கியாளும் கட்டுப்பாடு என்னும் பொருள்படும் கலைச்சொல்லால் விளக்கினார். இங்கிலாந்தும் வேல்சும் 2015-ஆம் ஆண்டின் கடுங்குற்றச் சட்டத்தின் 76-ஆம் பிரிவால் இக்கட்டுப்பாட்டையே தனிக்குற்றமாக்கி, ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தன. ஸ்காட்லாந்து 2018-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, உயர் அளவுத் தண்டனையைப் பதினான்கு ஆண்டுகளாக்கியது.

இந்தியாவில் இந்நிலையின் பரப்பைக் காட்டும் நம்பகமான அளவீடு தேசியக் குடும்ப நல ஆய்வாகும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் சுற்றின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29 விழுக்காட்டினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னிற்கும் தமிழ்நாட்டில் இந்த அளவு 38 விழுக்காடு. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காட்டினரே என்பதும், 77 விழுக்காட்டினர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுகள். உதவி தேடியவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டையே நாடினர். காவல் நிலையத்தின் படியேறியவர்கள் மிகச் சிலர். எனவே காவல் நிலையத்துக்கு ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்றால், அது முதல் அடிக்குப் பின் நிகழ்ந்த வருகையாக இருப்பது அரிது. பெரியவர்களின் பேச்சுவார்த்தை, பிறந்த வீட்டில் சில மாதம், திரும்பப் போய் வாழ்ந்து பார்த்தல் எனப் பல கட்டங்கள் தோற்ற பின்னரே பெரும்பாலானோர் அங்கே வருகின்றனர். அவளைப் பழைய கட்டங்களுக்கே திருப்பி அனுப்பும் எந்த நடைமுறையும் இந்த வரலாற்றை அறியாத நடைமுறையாகும்.

2. மின்னியாபொலிஸ் சோதனையும் கட்டாயக் கைதும்

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை வீட்டுச் சண்டைக்கு அழைக்கப்பட்ட காவலர், இருவரையும் அமைதிப்படுத்திவிட்டுத் திரும்புவதே முறையெனப் பயிற்றுவிக்கப்பட்டார். பெண்கள் இயக்கம் இதை எதிர்த்துப் போராடியது; 1977-இல் ஆரிகன் மாநிலம் கைதைக் கட்டாயமாக்கி முதல் சட்டத்தை இயற்றியது. இவ்வாதத்துக்கு அறிவியல் வலுவைத் தந்தது மின்னியாபொலிஸ் நகரில் 1981 மார்ச்சு முதல் 1982 ஆகஸ்டு வரை நடந்த களச் சோதனையாகும். லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்டு பெர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் வடிவமைத்த இச்சோதனையில், கடுங்காயம் இல்லாத தாக்குதல் வழக்குகளில் காவலர் மூன்று செயல்களில் ஒன்றைச் செய்ய வேண்டும்: கைது செய்தல், இருவருக்கும் அறிவுரை கூறுதல், தாக்கியவனை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு அகற்றுதல். எதைச் செய்வது என்பதைக் காவலர் தம் விருப்பப்படி தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக, மூன்று நிறங்களில் குறியிட்ட படிவங்களைக் கலைத்து அடுக்கிய ஏடு ஒன்று அவர் கையில் தரப்பட்டது. அழைப்புக்குச் சென்றதும் மேலே இருக்கும் தாளின் நிறம் எதைச் சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும்.

ஆராயப்பட்ட வழக்குகள் 314. அடுத்த ஆறு மாதங்களில் மீண்டும் வன்முறை நிகழ்ந்ததாகக் காவல் பதிவேடுகள் காட்டியது, கைதானவர்களில் 10 விழுக்காடு, அறிவுரை பெற்றவர்களில் 19 விழுக்காடு, அகற்றப்பட்டவர்களில் 24 விழுக்காடு. 1984-இல் இம்முடிவு வெளிவந்த வேகத்தில் நாடெங்கும் காவல்துறைகள் தம் கொள்கையை மாற்றின. அதே ஆண்டில் கனெடிகட் மாநிலத்தின் டாரிங்டன் நகர்க் காவல்துறைக்கு எதிராகத் திரேசி தர்மன் என்னும் பெண் தொடுத்த வழக்கில், கணவன் என்பதற்காகவே தாக்குபவனிடம் மென்மை காட்டுவது சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுப்பதாகும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. பலமுறை முறையிட்டும் காவல்துறை அசையாத நிலையில், 1983 ஜூன் மாதத்தில் அவர் பதின்மூன்று முறை குத்தப்பட்டார். காவலர் வந்து நின்ற பின்னும் தாக்குதல் ஓயவில்லை. நடுவர் குழு 23 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்த பின்னர், கைதைக் கட்டாயமாக்க நகரங்களுக்கு அறிவியலோடு அச்சமும் காரணமாயிற்று.

ஆனால் அறிவியல் அத்துடன் நிற்கவில்லை. ஒமாகா, சார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமி வட்டாரம் ஆகிய ஐந்து இடங்களில் சோதனை மீண்டும் நடத்தப்பட்டபோது முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மில்வாக்கியில் வேலையும் மணவுறவும் உள்ளவர்களிடம் கைது வன்முறையைக் குறைத்தது. வேலையற்றவர்களிடம் அதைக் கூட்டியது. இழக்க ஏதேனும் உள்ளவனைத்தான் கைது அஞ்சவைக்கும் என்பது இதன் பொருள். ஐந்து நகரங்களின் 4,032 நிகழ்வுகளை ஒன்றுசேர்த்து 2001-இல் செய்யப்பட்ட பகுப்பாய்வு, கைதுக்குச் சிறிதளவே நற்பயன் உண்டு என்று காட்டியது. மில்வாக்கிச் சோதனை வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வோ, துணைவர் கைதான பெண்களின் இறப்பு, எச்சரித்து விடப்பட்ட துணைவர்களின் பெண்களைவிட 64 விழுக்காடு கூடுதல் என்றும், கறுப்பினப் பெண்களிடையே இது 98 விழுக்காடு என்றும் கூறியது. இவ்விறப்புகளில் பெரும்பாலானவை கொலைகள் அல்ல, நோயால் நேர்ந்தவை என்பதால், கைதும் அதன் பின்விளைவுகளும் அப்பெண்களின் உடலையும் வாழ்க்கையையும் எவ்வாறு தாக்கின என்னும் வினா இன்றும் திறந்தே உள்ளது.

இவ்வாய்வுகளினூடே அதிகம் பேசப்படாத ஒரு கண்டுபிடிப்பு ஒமாகாவில் கிடைத்தது. காவலர் வருவதற்குள் தாக்கியவன் ஓடிவிட்ட வழக்குகளில், அவன் மீது பிடியாணை பிறப்பிக்கப்பட்டபோது பிற்கால வன்முறை குறைந்தது. கைது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடியாணையோ அவன் தலைக்கு மேல் தொடர்ந்து நிற்கும். நிகழ்வைத் தண்டிப்பதைவிட நிலையைக் கண்காணிப்பது வலிமையானது என்னும் உண்மை அங்கே கோடிட்டுக் காட்டப்பட்டது.

3. இந்தியச் சட்டத்தின் இரு பாதைகள்

இந்தியாவில் குற்றச் சட்டத்தின் தலையீடு வரதட்சணைச் சாவுகளுக்கு எதிரான போராட்டத்தில் பிறந்தது. 1970-களின் இறுதியில் தில்லியில் மருமகள்கள் தீக்கிரையானபோது, அடுப்பு வெடித்தது என்று கோப்புகள் மூடப்பட்டதை எதிர்த்துப் பெண்கள் வீதிக்கு வந்தனர். அதன் விளைவாக 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்ந்தது. 1986-இல் வரதட்சணைச் சாவு பற்றிய 304ஆ பிரிவு வந்தது. கணவனோ அவனுடைய உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று 498அ கூறியது. பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டும் அல்லது அவள் உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ கடும் தீங்கு விளைவிக்கும் நடத்தையும், சொத்துக் கேட்டுத் துன்புறுத்துவதும் கொடுமை என வரையறுத்தது. நீதிமன்றத்தின் பிடியாணை இன்றியே காவல்துறை கைது செய்யத்தக்கதும், பிணை உரிமையாகக் கிடைக்காததும், தரப்பினர் தாமே இசைந்து தீர்த்துக்கொள்ள முடியாததுமான குற்றமாக அது வைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அத்தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே உள்ளடக்கம் 85, 86-ஆம் பிரிவுகளாக உள்ளது. மனைவி பதினெட்டு வயது நிறைந்தவளாயின் கணவனின் வன்புணர்வு குற்றமாகாது என்னும் விதிவிலக்கும் புதிய சட்டத்தில் மாறாமல் தொடர்கிறது.

இரண்டாவது பாதை, இந்திரா ஜெய்சிங் தலைமையிலான வழக்கறிஞர் குழு உள்ளிட்டோரின் பல்லாண்டு முயற்சியால் உருவாகி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமாகும். உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளியல் என நால்வகை வன்முறையை இச்சட்டம் ஏற்பதால், குற்றச் சட்டம் காணத் தவறும் நிலை இதில் பெரும்பகுதி இடம்பெற்றுவிடுகிறது. திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவ்வுறவின் வரையறையை உச்ச நீதிமன்றம் 2010-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பட்சையம்மாள் வழக்கில்தான் வகுத்தது. நடுவர் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பண உதவி, குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை வழங்கலாம். அவசரமாயின் எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால ஆணையும் பிறப்பிக்கலாம். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிவு என்பது சட்டம் வைத்த இலக்கு. பெண்ணின் கூற்றைக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்னும் படிவத்தில் பதிந்து நடுவருக்கு அனுப்புவதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் என்னும் பதவி உருவாக்கப்பட்டது.

இரு பாதைகளுக்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. முதலாவது நடந்ததைத் தண்டிக்கிறது. இரண்டாவது நடக்கப்போவதைத் தடுக்கிறது. முதலாவதில் பெண் அரசுத் தரப்புச் சாட்சி. இரண்டாவதில் அவளே மனுதாரர். வீட்டைவிட்டுப் போகாமல், கணவனைச் சிறைக்கு அனுப்பாமல், அடி நிற்க வேண்டும் என்பதே பல பெண்களின் கோரிக்கை என்பதால், அக்கோரிக்கைக்குப் பொருந்துவது இரண்டாவது பாதையே. ஆயினும் காவல்துறையின் கவனமும் நீதிமன்றங்களின் சினமும் பொது விவாதமும் முதல் பாதையிலேயே குவிந்துள்ளன. தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் கணக்குப்படி, 2023-இல் கணவன் மற்றும் உறவினர் கொடுமையின் கீழ் பதிவான வழக்குகள் 1,33,676. பெண்களுக்கு எதிரான குற்றங்கள் அனைத்திலும் இவை ஏறக்குறைய முப்பது விழுக்காடு. அதே அலுவலகம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகப் பதிந்தவையோ 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் நாடு முழுவதற்குமே ஐந்நூறை ஒட்டியே இருந்தன.

4. காவல் நிலையத்தின் மேசையில்

தமிழ்நாட்டில் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் 200-க்கும் மேல் உள்ளன. ஆண் காவலரிடம் சொல்லக் கூசும் செய்தியைப் பெண் அதிகாரியிடம் சொல்ல வழி திறந்தது என்ற அளவில் இது பெரிய மாற்றம். ஆனால் அந்த மேசையில் நடப்பது பெரும்பாலும் குற்ற விசாரணையைவிடக் குடும்பப் பஞ்சாயத்துக்கே நெருக்கமாக உள்ளது. பெண் மனு கொடுத்ததும், சி.எஸ்.ஆர். எனப்படும் சமுதாயப் பணிப் பதிவேட்டில் அது ஏறி, மனு ரசீது தரப்படும். முதல் தகவல் அறிக்கை பதிவாகாது. பின்னர் கணவன் வீட்டாருக்கு அழைப்பு போகும், இரு தரப்பு உறவினரும் நிலைய வளாகத்தில் கூடுவர், ஆய்வாளர் கணவனை அதட்டுவார், மனைவிக்குப் பொறுமையை எடுத்துரைப்பார், இனி அடிக்க மாட்டேன் என்று கணவனும் சேர்ந்து வாழ்கிறேன் என்று மனைவியும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பர், மனு முடித்துவைக்கப்படும். அந்தத் தாளை அடுத்த வாரமே மீறினாலும் சட்டப்படி விளைவு ஏதும் இல்லை. நீதிமன்றம் அளிக்கும் பாதுகாப்பு ஆணைக்குள்ள வலிமையில் நூற்றில் ஒரு பங்கும் அதற்கு இல்லை.

இவ்வழக்கத்துக்குச் சட்டமும் ஓரளவு இடந்தருகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவதே கடமை என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தபோது, தொடக்கநிலை விசாரணை நடத்தத்தக்க விதிவிலக்குகளின் பட்டியலில் மணவாழ்வு மற்றும் குடும்பத் தகராறுகளையே முதலில் வைத்தது. விசாரணைக்கெனத் தரப்பட்ட இடம் நடைமுறையில் சமரசத்துக்கான இடமாகிவிட்டது.

தனி நிலையங்கள் மட்டும் போதா என்பதை அரியானா காட்டுகிறது. 2015-இல் அங்கே எல்லா மாவட்டங்களிலும் மகளிர் நிலையங்கள் திறக்கப்பட்ட பின், பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு உயரவில்லை என்றும், சாதாரண நிலையங்கள் பெண்களின் புகார்களை அங்கே தள்ளிவிட அவை வழியாயின என்றும் நிர்விகார் ஜஸ்ஸல் 2020-இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. மாறாக மத்தியப் பிரதேசத்தில் 180 சாதாரணக் காவல் நிலையங்களில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், மகளிர் உதவி மேசைகள் அமைக்கப்பட்ட நிலையங்களில் முதல் தகவல் அறிக்கைகளும் குடும்ப நிகழ்வு அறிக்கைகளும் கூடின. முதல் தகவல் அறிக்கைகளின் உயர்வு பெண் அதிகாரிகள் அம்மேசையை நடத்திய இடங்களில் தெளிவாகத் தெரிந்தது. 2022-இல் வெளியான இம்முடிவில் கவனிக்கத்தக்கது குடும்ப நிகழ்வு அறிக்கையின் உயர்வாகும். பயிற்சியும் படிவமும் பொறுப்பாளரும் இருந்தால், காவல் நிலையமே பெண்ணைக் காப்புச் சட்டத்தின் பாதைக்குள் சேர்க்க முடியும்.

5. கைது பற்றிய தீர்ப்புகள்

498அ பிரிவின் கீழ் தாத்தா பாட்டி முதல் வெளிநாட்டில் வாழும் நாத்தனார் வரை கைதுக்கு உள்ளாகும் வழக்குகளைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2014 ஜூலை 2 அன்று அர்னேஷ் குமார் வழக்கில் கைதுக்கு வரம்பு கட்டியது. 2012-இல் இப்பிரிவின் கீழ் 1,97,762 பேர் கைதானதையும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் விகிதம் 93.6 விழுக்காடாக இருக்கத் தண்டனை விகிதம் 15 விழுக்காடாக இருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுத்தில் காட்ட வேண்டும். தேவையில்லையெனின் நேரில் வர அறிவிப்பு அனுப்ப வேண்டும். கைது செய்யாத முடிவையும் வழக்குத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை அதன் கட்டளைகள்.

தண்டனை குறைவு என்பதைப் பொய்ப் புகாருக்குச் சான்றாகக் கொள்வது பிழை. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீள்வதும், மணமுறிவும் சீர்ப்பொருளைத் திருப்பித்தருவதும் பேசி முடிந்ததும் பெண் பிறழ்சாட்சியாவதும், சமரசம் ஏற்பட்டால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2003-ஆம் ஆண்டின் பி.எஸ். ஜோஷி தீர்ப்பு வழிவகுத்ததும் அவ்விகிதத்தைத் தாழ்த்துகின்றன. எனினும் காரணமில்லாக் கைது கூடாது என்னும் அர்னேஷ் குமார் தீர்ப்பின் நெறி அரசியல் சாசனத்துக்கு உகந்ததே. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. கைது இல்லாத அந்த இரவில் புகார் கொடுத்த பெண் எங்கே உறங்குவாள் என்பதை அத்தீர்ப்பு கேட்கவில்லை.

பின்வந்த தீர்ப்புகள் அதே தடத்தில் சென்றன. 2017-இல் ராஜேஷ் சர்மா வழக்கு ஒவ்வொரு புகாரையும் குடும்ப நலக் குழுவுக்கு அனுப்பச் சொன்னது. 2018-இல் மூவர் அமர்வு அக்குழுக்களுக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று நீக்கியது. ஆயினும் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் அக்குழுக்களையே மீட்டெடுத்து, கொலை முயற்சி போன்ற கடும் பிரிவுகள் சேராத வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை பதிவான பின் இரண்டு மாதம் தணிவுக் காலம் என்றும், அக்காலத்தில் கைது கூடாது என்றும் வகுத்த நெறிகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. பெண் புகார் கொடுத்து உறவை முறிக்கத் துணிந்த அந்தத் தொடக்கக் காலமே அவள் உயிருக்கு ஊறு மிகக்கூடிய காலம் என்பதை அடுத்து வரும் ஆய்வுகள் காட்டும்.

6. ஆபத்தை அளத்தலும் ஆணையைக் காத்தலும்

அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பெல் 1985-இல் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை உருவாக்கினார். துணைவரால் கொலையுண்ட பெண்களின் வழக்குகளைப் பதினொரு நகரங்களில் ஆராய்ந்து அவரும் பிறரும் 2003-இல் வெளியிட்ட முடிவுகள், முந்தைய அடியின் கடுமையைவிட வேறு சில அறிகுறிகள் வலிமையானவை என்று காட்டின: துப்பாக்கி கைவசம் இருத்தல், கொன்றுவிடுவேன் என்னும் மிரட்டல், தாக்குபவனின் வேலையின்மை, எல்லாவற்றிலும் அடக்கியாளும் குணம், அண்மையில் பெண் பிரிந்து சென்றிருத்தல். கழுத்தை நெரிக்கும் முயற்சி முன்பு நிகழ்ந்திருந்தால் கொலைக்கான வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. நெரித்த கழுத்தில் பல வேளை தழும்பே தெரியாது. காயச் சான்றிதழில் லேசான காயம் என்றே எழுதப்படும். சாதாரணக் காயமென அவ்வழக்கு கீழே தள்ளப்படும். நிகழ்வைக் காயத்தின் அளவால் எடைபோடும் குற்றச் சட்டம், சாவுக்கு மிக அருகில் உள்ள பெண்ணையே கடைசியில் நிறுத்திவிடுகிறது. துப்பாக்கி அரிதாகவும் மண்ணெண்ணெய் மிரட்டலும் தற்கொலை மிரட்டலும் பரவலாகவும் உள்ள இந்தியச் சூழலுக்கு இத்தகைய படிவத்தைத் திருத்தி எழுதுவது மருத்துவக் கல்லூரிகளும் காவல் பயிற்சிக் கல்லூரிகளும் சேர்ந்து செய்யத்தக்க பணி.

ஆபத்து அறியப்பட்டால் அடுத்து வேண்டுவது நிலைத்து நிற்கும் ஆணை. ஆணையோ அதைக் காப்பவர் இல்லையேல் வெற்றுத்தாள். கொலராடோ மாநிலத்தின் காசில் ராக் ஊரில் 1999 ஜூன் மாதம், தடையாணையை மீறிக் கணவன் மூன்று பெண்குழந்தைகளையும் கொண்டுசென்றுவிட்டதாக ஜெசிக்கா கொன்சாலெஸ் இரவு முழுவதும் காவல்துறையிடம் முறையிட்டார். அவ்வாணையின் பின்புறத்தில், மீறுவோரைக் கைது செய்ய வேண்டும் என்று காவலருக்கான கட்டளை அச்சிடப்பட்டிருந்தது. பொறுத்திருக்குமாறே அவருக்கு விடை கிடைத்தது. அதிகாலையில் கணவன் காவல் நிலையத்தின் முன் வந்து சுட்டு, எதிர்த்தாக்குதலில் மாண்டான்; குழந்தைகளின் உடல்கள் அவன் வண்டியில் இருந்தன. தடையாணையைக் காவல்துறை நிறைவேற்றியே தீர வேண்டும் என்னும் உரிமை அரசியல் சாசனத்தின்படி அவருக்கு இல்லை என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்த்தது. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் 2011-இல் அந்நாட்டின் மீது குற்றங்கண்டது. கைதைக் கட்டாயமாக்கிய நாட்டிலேயே ஆணை காக்கப்படவில்லை என்பது இவ்வழக்கின் படிப்பினை.

இந்தியச் சட்டத்தின் நிலை இதனினும் மேலானது. பாதுகாப்பு ஆணையை மீறுவது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்கோ இருபதாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது. பெண்ணின் ஒற்றைச் சாட்சியமே தீர்ப்புக்குப் போதுமானது. ஆணையின் படியை இலவசமாக அப்பகுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், காப்பு கேட்டு மனுச் செய்வது குற்றப் புகார் ஆகாது, ஆணையை மீறும்போதுதான் குற்றம் பிறக்கிறது என்று விளக்கி, வன்முறை நடந்து ஓராண்டு கடந்துவிட்டதால் மனு செல்லாது என்னும் வாதத்தைத் தள்ளியது. கைது தன் சரியான இடத்தைப் பெறுவது இங்கேதான். எல்லை வகுக்கப்பட்டு, அறிவிக்கப்பட்டு, மீறப்பட்ட பின் வரும் கைதுக்கு நியாயமும் உண்டு, பயனும் உண்டு. ஒமாகாவின் பிடியாணை செய்த வேலையை இங்கே பாதுகாப்பு ஆணை செய்ய வல்லது.

7. இரு கோப்புகளை இணைத்தல்

இவ்வளவும் ஏட்டில் இருந்தும் ஆணைகளின் காப்பு நலிந்திருப்பதற்குக் காரணம், பெண்ணின் துயரம் இரு துறைகளின் இரு கோப்புகளாகப் பிரிந்து கிடப்பதேயாகும். முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் கோப்பு. குடும்ப நிகழ்வு அறிக்கை சமூக நலத்துறையின் கோப்பு. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில் உள்ள பாதுகாப்பு அலுவலரால் பல இலட்சம் மக்களுக்கு எட்ட முடியாது என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2025 மே மாதத்தில் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களைக் குறிக்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. அலுவலர்கள் பெருகினாலும் கோப்புகள் பிரிந்தே இருந்தால் பயன் குறையும்.

இணைப்புக்கான இடம் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவிலேயே உள்ளது. கைதுக்கான காரணங்களை வரிசைப்படுத்தும் அப்பிரிவு, மேலும் குற்றம் செய்யாமல் தடுத்தல் என்பதை முதற்காரணமாக வைக்கிறது. அக்காரணம் பொருந்துமா என்பதை ஆபத்து மதிப்பீடு இன்றி எந்த அதிகாரியும் அறிய இயலாது. ஆகவே ஆபத்து மிகுதியெனக் கண்டால், அர்னேஷ் குமார் தீர்ப்பு கேட்கும் எழுத்துமூலக் காரணம் அம்மதிப்பீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. குறைவெனக் கண்டு அறிவிப்போடு நிறுத்தினால், அன்றே குடும்ப நிகழ்வு அறிக்கையும் இடைக்கால ஆணைக்கான மனுவும் நடுவருக்குச் செல்ல வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பாதுகாப்பு ஆணை பற்றியும் இலவசச் சட்ட உதவி பற்றியும் பெண்ணுக்கு எடுத்துரைக்கும் கடமையைக் காவல் அதிகாரியின் மீதே சுமத்தியிருப்பதால், இது புதிய சுமையாகாது. கைது செய்யாத முடிவைப் பெறுபவரும், பாதுகாப்பு ஆணை வழங்குபவரும் நடுவர் நீதிமன்றத்தவரே. இரு தாள்களும் ஒரே நாளில் அவர் முன் வந்தால், தணிவுக் காலம் என்னும் இரு மாதமும் காப்பற்ற காலமாக இராது.

குடும்ப நலக் குழுவின் பேச்சுவார்த்தைக்கும் இதே நிபந்தனை பொருந்தும். பாதுகாப்பு ஆணை நடப்பில் உள்ள நிலையில் நடக்கும் பேச்சுவார்த்தையில் மட்டுமே பெண்ணின் இசைவை இசைவென்று கொள்ள இயலும். வந்துசேரும் ஆணைகளுக்கெனக் காவல் நிலையத்தில் தனிப் பதிவேடும், அவ்வீடுகளை ரோந்துக் காவலரின் பட்டியலில் சேர்க்கும் முறையும் இருந்தால் 31-ஆம் பிரிவு உயிர்பெறும்.

இம்மாற்றங்களுக்கு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. கைது செய்யாமைக்கான காரணத்தை எழுதும் படிவத்தில், பெண்ணின் காப்புக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்னும் ஒரு பத்தியைச் சேர்க்க மாநிலக் காவல்துறைத் தலைவரின் சுற்றறிக்கை போதும். அப்பத்தி வெறுமையாக வரும் தாளை ஏற்க மறுக்குமாறு நடுவர்களுக்கு வழிகாட்ட உயர் நீதிமன்றத்தின் நிர்வாக ஆணை போதும்.